நெல்மணியும் அறுபத்து நான்கு கட்டங்களும்: ஒரு பேரெண் புகட்டும் பாடம்

கணிதம் என்பது பரீட்சை மண்டபத்தோடு முடிந்துபோகும் ஒரு பாடம் என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. க.பொ.த. சாதாரண தரத்தில் சித்தி பெற்றால் போதும், அதன் பின்னர் கணக்கைப் பற்றிக் கவலைப்படுவதற்கு எதுவுமில்லை என்றே பலரும் கருதுகின்றனர். ஆயினும், கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையும் அதற்கப்பால் பொத்துவில் வரையும் நீளும் நமது கரையோரம், அளவையும் எண்ணையும் அன்றாடம் கையாண்டு வந்த மண்ணாகும். சுண்டு, கொத்து, மரைக்கால், அவணம் என்று நெல்லை அளந்த முன்னோர் பலர் பாடசாலை வாசலை மிதித்தவர்களல்லர். எனினும் அவர்களது கணக்கில் ஒரு மணி பிசகியதில்லை என்பதை மூத்தவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

இவ்வாறு அளவறிந்த மக்களையும் ஏமாற்றிவிடக்கூடிய ஒரு வகைப் பெருக்கம் உண்டு. அதுதான் இரட்டிப்பு. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகும் அந்தப் பெருக்கம் தொடக்கத்தில் மிக மெதுவாக நகரும். பின்னர் எவராலும் தடுக்க இயலாத வேகத்தில் உயரும். இதனை விளக்குவதற்கு உலகெங்கும் ஆயிரமாண்டுகளுக்கும் மேலாக எடுத்துக்காட்டப்பட்டு வரும் ஓர் எண் உண்டு. இருபது இலக்கங்களைக் கொண்ட அவ்வெண் 18,446,744,073,709,551,615 ஆகும். நமக்குப் பழக்கமான முறையில் கூறுவதாயின், ஏறத்தாழ ஓர் இலட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி. இவ்வெண் எங்கிருந்து வந்தது, அதன் இயல்புகள் யாவை, அது நமது வாழ்வுக்குச் சொல்லும் செய்தி யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சதுரங்கப் பலகையில் பிறந்த எண்

சதுரங்க விளையாட்டு இந்தியாவில் தோன்றிப் பாரசீகத்துக்கும் அங்கிருந்து அரபு நாடுகளுக்கும் பரவியது. விளையாட்டோடு சேர்ந்து ஒரு கதையும் பயணம் செய்தது. சதுரங்கத்தைக் கண்டுபிடித்த அறிஞனிடம், அதனால் பெரிதும் மகிழ்ந்த மன்னன் வேண்டிய பரிசைக் கேட்குமாறு கூறினான். பலகையின் முதற் கட்டத்துக்கு ஒரு கோதுமை மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டித்து அறுபத்து நான்காவது கட்டம் வரை தந்தால் போதும் என்றான் அறிஞன். இவ்வளவு அற்பமான பரிசா என்று மன்னன் நகைத்தான். ஆனால் கணக்கர்கள் கூட்டிப் பார்த்தபோது அரசின் களஞ்சியங்கள் அனைத்தும் போதாமற் போயின.

இக்கதையின் நாயகனுக்கு ஸிஸ்ஸா இப்னு தாஹிர் என்று பெயர் சூட்டிப் பதிவு செய்தவர் இப்னு கல்லிக்கான். 1211இல் இர்பில் நகரில் பிறந்து, திமிஷ்க் நகரின் தலைமை காழியாகப் பணியாற்றியவர் அவர். பிரமுகர்களின் வரலாறுகளை அகர வரிசையில் தொகுத்த அவரது பெருநூலில், புகழ்பெற்ற சதுரங்க வீரரான அபூபக்ர் அஸ்ஸூலி பற்றிய பகுதியிலே இக்கதை இடம்பெறுகின்றது.

இங்கு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவ்வளவு பெரிய தொகை வரும் என்பதை இப்னு கல்லிக்கானே முதலில் நம்பவில்லை. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கணக்கர் ஒருவர் தாளில் எழுதிக் காட்டிய பின்னரே தாம் ஐயம் நீங்கியதாக அவர் வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றார். நீதிபதியின் நுண்ணறிவு கொண்டவருக்கே நம்ப முடியாதிருந்தது என்றால், இரட்டிப்பின் வேகம் மனித உள்ளுணர்வுக்கு எத்துணை அந்நியமானது என்பது புலனாகும்.

அக்கணக்கர் கையாண்ட முறையும் எளிமையானது. பதினாறாவது கட்டத்தில் 32,768 மணிகள் வரும். அவற்றை அளந்து, அது எகிப்தில் வழங்கிய கதஹ் என்னும் சிறிய முகத்தலளவை ஒன்றுக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டார். அதன் பின்னர் மணிகளை எண்ணுவதை விட்டுவிட்டு அளவைகளை இரட்டிக்கத் தொடங்கினார். இருபதாவது கட்டத்தில் பதினாறு கதஹ் சேர்ந்து ஒரு வைபா ஆயிற்று. ஆறு வைபா ஓர் இர்தப் ஆகும். நாற்பதாவது கட்டத்தில் 174,762 இர்தப்பும் அதன் மேல் மூன்றில் இரண்டு பங்கும் வந்தன. அதனை ஒரு களஞ்சியம் எனக் கொண்டார். ஐம்பதாவது கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள்; அதனை ஒரு நகரம் எனக் கொண்டார். அறுபத்து நான்காவது கட்டத்தில் 16,384 நகரங்கள் வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட களஞ்சியங்கள் நிரம்பிய அத்தனை நகரங்கள் இவ்வுலகில் எங்கே இருக்கின்றன என்பதே கணக்கரின் கேள்வி. கொத்திலிருந்து மரைக்காலுக்கும் மரைக்காலிலிருந்து அவணத்துக்கும் மாறிப் பழகிய நமக்கு இம்முறை அந்நியமானதன்று.

அல்-பிரூனியின் இரு விதிகள்

இப்னு கல்லிக்கானுக்கு முன்னரே இக்கணக்கு அறிஞர்களிடையே நன்கு அறியப்பட்டிருந்தது. இந்திய எண்முறையை அரபு மொழியில் விளக்கி 952-953ஆம் ஆண்டளவில் திமிஷ்கில் நூல் எழுதிய அல்-உக்லிதிஸீ, ஒன்றை அறுபத்து நான்கு தடவை இரட்டிப்பது பற்றிப் பலரும் வினவுவதாகக் குறிப்பிட்டுள்ளார். 973இல் குவாரிஸ்ம் பிரதேசத்தில் பிறந்து, பிற்காலத்தில் இந்தியா பற்றிப் பெருநூல் எழுதிய அல்-பிரூனி, கி.பி. 1000ஆம் ஆண்டளவில் இயற்றிய பண்டைய சமூகங்களின் காலக்கணிப்பு பற்றிய நூலில் இவ்வெண்ணைத் துல்லியமாகத் தந்துள்ளார். கணனியோ கணிப்பானோ இல்லாத காலத்தில் அறுபத்து மூன்று தடவை இரட்டிக்காமலேயே விடையைக் காண்பதற்கு அவர் இரண்டு விதிகளைக் காட்டினார்.

முதல் விதி வருமாறு: ஒரு கட்டத்திலுள்ள எண்ணை அதே எண்ணாற் பெருக்கினால், முதற் கட்டத்திலிருந்து அக்கட்டம் எவ்வளவு தூரத்தில் உள்ளதோ, அதே தூரம் மேலும் சென்ற கட்டத்தின் எண் கிடைக்கும். ஐந்தாவது கட்டத்தில் 16 உள்ளது. அதன் வர்க்கம் 256. அது ஒன்பதாவது கட்டத்தின் எண். 256இன் வர்க்கம் 65,536; அது பதினேழாவது கட்டத்தின் எண். அதன் வர்க்கம் 4,294,967,296. அது முப்பத்து மூன்றாவது கட்டத்துக்குரியது. அதனையும் வர்க்கித்தால் 18,446,744,073,709,551,616 என்பது அறுபத்தைந்தாவது கட்டத்தின் எண்ணாகக் கிடைக்கின்றது. பலகையில் அறுபத்தைந்தாவது கட்டம் இல்லையே என்று கேட்கலாம். அதற்கு விடை இரண்டாவது விதியிலே உள்ளது.

இரண்டாவது விதி: எந்தக் கட்டத்தின் எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்தால், அதற்கு முந்திய கட்டங்கள் அனைத்தினதும் கூட்டுத்தொகை கிடைக்கும். 1, 2, 4, 8, 16 ஆகியவற்றைக் கூட்டினால் 31. அடுத்த கட்டத்தின் 32இலிருந்து ஒன்று குறைவு. ஆகவே, இல்லாத அறுபத்தைந்தாவது கட்டத்தின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் பலகை முழுவதன் கூட்டுத்தொகை வந்துவிடுகின்றது. நமது பாடசாலைகளில் பெருக்கல் விருத்தி என்ற பெயரில் மாணவர்கள் கற்பது இதனையே ஆகும்.

இவ்விரண்டாவது விதியில் பொதிந்துள்ள உண்மையை வாசகர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். எந்த ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டாலும், அதிலுள்ள மணிகள் அதற்கு முன் வைக்கப்பட்ட மணிகள் அனைத்தையும் விட ஒன்று கூடுதலானவை. அதாவது கடைசி ஓர் அடி, அதுவரை நடந்த முழுத் தூரத்தையும் விட நீண்டது.

நமது வயலில் வைத்துப் பார்த்தால்

கோதுமையை விடுத்து நெல்லை வைத்துக் கணக்கிடுவோம். நெல்லின் வகைக்கேற்ப நிறை வேறுபடும். கீரிச்சம்பா போன்ற சிறுமணி வகைகள் இலேசானவை. பொதுவாக ஆயிரம் மணிகள் 25 கிராம் எனக் கொள்ளலாம்.

முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களும் நிரம்பும்போது 255 மணிகள். ஏறத்தாழ ஆறு கிராம். விரல் நுனியால் அள்ளிவிடலாம். இரண்டாவது வரிசையின் முடிவில் 65,535 மணிகள். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். மூன்றாவது வரிசையின் முடிவில் ஏறத்தாழ 420 கிலோ, அதாவது அறுபது கிலோ மூடைகளில் ஏழு. நான்காவது வரிசையின் முடிவில், பலகையின் சரிபாதி நிரம்பிய நிலையில், 107 தொன். கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் நமது வட்டைகளில் ஏறத்தாழ அறுபது ஏக்கர் வயலின் ஒரு போக விளைச்சல் அது. பெரிய போடியார் ஒருவரால் அதனைக் கொடுத்துவிட முடியும். கதையில் வரும் மன்னனுக்கு அது ஒரு பொருட்டே அன்று. பாதிப் பலகை முடிந்தும் ஆபத்தின் அறிகுறி எதுவும் இல்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது.

ஐந்தாவது வரிசையின் முடிவில் 27,000 தொன்னைத் தாண்டுகின்றது. ஆறாவது வரிசையின் முடிவில் 70 இலட்சம் தொன். பெரும்போகமும் சிறுபோகமும் சேர்ந்து நல்ல விளைச்சல் தந்த ஆண்டுகளிற்கூட இலங்கை முழுவதும் விளைந்த நெல் 50 இலட்சம் தொன் அளவினதே. ஏழாவது வரிசையின் முடிவில் 180 கோடி தொன். உலகம் முழுவதும் இக்காலத்தில் ஓர் ஆண்டில் விளையும் நெல் ஏறத்தாழ 80 கோடி தொன் என்பதை நோக்க, இது இரண்டு ஆண்டுகளின் உலக விளைச்சலையும் மிஞ்சியது. எட்டாவது வரிசை முடியும்போது 46,000 கோடி தொன். இன்றைய அளவிலே உலகம் முழுவதும் ஏறத்தாழ 575 ஆண்டுகள் பயிரிட்டால் மட்டுமே அத்தனை நெல் சேரும்.

நான்காவது வரிசைக்கும் எட்டாவது வரிசைக்கும் இடையில் விதி மாறவில்லை. அன்று போலவே ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டிப்பு மட்டுமே நிகழ்ந்தது. மாறியது தொகை மட்டுமே.

எண்ணுக்குள் உறையும் காரணிகள்

கணித ஆர்வலர்களுக்கு இவ்வெண் வேறொரு வகையிலும் விருந்தாகும். 99 என்பது 100இலிருந்து ஒன்று குறைவு. 100 என்பது 10இன் வர்க்கம். ஆகவே 99ஐ 9 × 11 எனப் பிரிக்கலாம். அதே முறையில் 9,999ஐ 99 × 101 எனப் பிரிக்கலாம். ஏதேனும் ஒரு வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண், அவ்வர்க்க மூலத்துக்கு ஒன்று குறைந்த எண்ணினதும் ஒன்று கூடிய எண்ணினதும் பெருக்கமாக அமையும். நமது பேரெண்ணும் இவ்வாறு அமைந்ததே. அதனை மீண்டும் மீண்டும் பிரித்துக்கொண்டு சென்றால் 3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297 எனக் கிடைக்கின்றது.

இவ்வாறு எண் அனைத்தும், இரண்டு, நான்கு, பதினாறு என வர்க்கித்து வரும் எண்களோடு ஒன்றைக் கூட்டிப் பெறப்பட்டவை. பிரான்சிய கணித மேதை பெர்மா 1640இல் இத்தகைய எண்கள் அனைத்தும் முதன்மை எண்களாகவே, அதாவது தம்மாலும் ஒன்றாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுக்க இயலாதனவாகவே இருக்கும் என்று கருதினார். முதல் ஐந்தும் முதன்மை எண்களே. ஆறாவதை அவரால் சோதித்து முடிக்க இயலவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், 1732இல் ஒயிலர் என்னும் அறிஞர் அந்த ஆறாவது எண் 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டினார். 641ஐ 6,700,417ஆற் பெருக்கிப் பார்க்க விரும்பும் மாணவர்கள் இப்போதே ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். 600 மடங்கு 4,020,250,200. 41 மடங்கு 274,717,097. இரண்டையும் கூட்டினால் 4,294,967,297.

ஆகவே நமது நெல்மணிகளின் தொகைக்கு 3, 5, 17, 257, 641, 65,537, 6,700,417 ஆகிய ஏழு முதன்மைக் காரணிகள் உள்ளன. மூன்று பேருக்கோ ஐந்து பேருக்கோ பதினேழு பேருக்கோ ஒரு மணியும் மிஞ்சாமற் பங்கிடலாம். ஏழு பேருக்குப் பங்கிட்டால் ஒரு மணி மிஞ்சும். இலக்கங்களைக் கூட்டினால் 87 வருகின்றது. 87 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. எனவே பேரெண்ணும் அவ்வாறே.

முதல் ஐந்து காரணிகளான 3, 5, 17, 257, 65,537 ஆகியவற்றுக்கு வேறொரு பெருமையும் உண்டு. ஜேர்மனியைச் சேர்ந்த காவுஸ், தமது பத்தொன்பதாவது வயது நிறைவடைவதற்கு முன்னர், 1796இல், கவராயத்தையும் அளவுகோடுகள் இல்லாத நேர்விளிம்பையும் மட்டும் கொண்டு பதினேழு பக்கங்களையுடைய ஒழுங்கான பல்கோணியை வரைய முடியும் என்று நிறுவினார். இரண்டாயிரம் ஆண்டுகளாக எவரும் அறியாத செய்தி அது. பெர்மா கூறிய வகையிலான முதன்மை எண்களில் இன்றுவரை அறியப்பட்டவை இந்த ஐந்து மாத்திரமே. ஐந்தையும் பெருக்கினால் 4,294,967,295 வருகின்றது. இவ்விரு கருவிகளாலும் வரையலாம் என அறியப்பட்ட, ஒற்றை எண் பக்கங்களைக் கொண்ட ஒழுங்கான பல்கோணிகளுள் மிகக் கூடுதலான பக்கங்களைக் கொண்டதன் பக்க எண்ணிக்கை அதுவே. சதுரங்கப் பலகையின் முதற் பாதியில் சேரும் மணிகளின் தொகையும் அதே எண் என்பது வியப்புக்குரியது.

கணனியும் அதே பலகையில்

இவ்வெண் பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. கணனிகளும் கைத்தொலைபேசிகளும் எண்களை 0, 1 என்ற இரு இலக்கங்களாலேயே எழுதுகின்றன. அறுபத்து நான்கு இடங்களைக் கொண்டு எழுதக்கூடிய மிகப்பெரிய முழுவெண் நமது நெல்மணிகளின் தொகையே ஆகும். முப்பத்திரண்டு இடங்களை மட்டும் பயன்படுத்தி, அவற்றுள் ஒன்றைக் கூட்டற் குறிக்கும் கழித்தற் குறிக்கும் ஒதுக்கினால், எழுதத்தக்க பெரிய எண் 2,147,483,647. முதல் முப்பத்தொரு கட்டங்களின் கூட்டுத்தொகை. 2014ஆம் ஆண்டு டிசம்பரில், தென்கொரியப் பாடலான கங்னம் ஸ்டைலைப் பார்வையிட்டோர் தொகை இவ்வெல்லையைத் தாண்டியபோது, யூடியூப் நிறுவனம் தனது எண்ணும் முறையை அறுபத்து நான்கு இடங்களுக்கு விரிவாக்கியமை பலரும் அறிந்ததே.

பழைய முறையிலான கணனிக் கடிகாரங்கள் 1970 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து கழிந்த வினாடிகளை முப்பத்திரண்டு இடங்களில் எண்ணி வருகின்றன. அவ்வெல்லை, இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19ஆந் திகதி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு நிரம்பிவிடும். மாற்றப்படாத கருவிகள் அதன் பின்னர் தவறான திகதியைக் காட்டும். இடங்களை இருமடங்காக்கி அறுபத்து நான்காகக் கொண்டாலோ இவ்வுலகின் எந்தத் தேவைக்கும் அது போதுமானதாகிவிடும். இரட்டிப்பின் ஆற்றல் இங்கு மனிதனுக்குத் துணை நிற்கின்றது.

கடன் என்னும் பலகை

ஆனால் அதே ஆற்றல் மனிதனுக்கு எதிராக நிற்கும் இடமும் உண்டு. அதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணமும் ஆகும்.

விதை நெல்லுக்கும் பசளைக்கும், வலைக்கும் படகு இயந்திரத்துக்கும், மருதமுனையில் தறிக்கு வேண்டிய நூலுக்கும், பிள்ளையின் திருமணத்துக்கும் கடன் வாங்காத குடும்பங்கள் நமது கரையோரத்தில் மிகச் சிலவே. கடன் வாங்குவோர் வட்டியைக் கூட்டலாகவே மனத்திற் கணக்கிடுகின்றனர். ஐம்பதாயிரம் ரூபாவுக்கு மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் மாதம் ஐயாயிரம். இரண்டு ஆண்டுகளில் ஓர் இலட்சத்து இருபதாயிரம் வட்டி. முதலோடு சேர்த்து ஓர் இலட்சத்து எழுபதாயிரம். கடுமையானதுதான், எனினும் எப்படியாவது கட்டிவிடலாம் என்று மனம் சமாதானம் கொள்கின்றது.

கட்டாத வட்டி முதலோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஏறுமாயின் கணக்கு வேறு. மாதம் நூற்றுக்குப் பத்து வீதம் ஏறும் கடன் ஏறத்தாழ ஏழேகால் மாதங்களில் இரட்டிக்கும். ஐம்பதாயிரம் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 157,000 ஆகும். இரண்டு ஆண்டுகளில் 492,000 ஆகும். மூன்று ஆண்டுகளில் பதினைந்து இலட்சத்தைத் தாண்டும். இது நமது பலகையின் ஆறாவது கட்டத்தைக் கூட எட்டாத ஒரு பயணம். அதற்குள்ளேயே வளவும் வயலும் நகையும் கைமாறிவிடுகின்றன.

எமது கடன் எளிய வட்டிக் கடன், அது குட்டி போடாது என்று சிலர் கூறலாம். ஒரு கடனின் தவணையைச் செலுத்துவதற்கு இன்னொரு கடனை வாங்கும் கணத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகின்றது. முதற் கடனின் வட்டி, இரண்டாவது கடனின் முதலாகி, அதற்கும் வட்டி ஏறுகின்றது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு கடனும் எளியது. சேர்த்துப் பார்த்தால் அது கூட்டுவட்டியே. நுண்கடன்களால் நெருக்குண்ட பெண்கள் பலர் அகப்பட்டுக்கொண்டது இப்பொறியிலே ஆகும். 2018ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த சிறு கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டமொன்றை அரசாங்கமே அறிவிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

கேரளத்தின் அம்பலப்புழைக் கோவில் பற்றி வழங்கும் கதை இங்கு நினைவுகூரத்தக்கது. அங்கு மன்னனோடு சதுரங்கம் ஆடி வென்றவர் முனிவர் வேடம் பூண்ட கண்ணன் என்பது ஐதீகம். பலகை நிறைய அரிசியைக் கொடுக்க இயலாது தவித்த மன்னனிடம், கடனை உடனே தீர்க்க வேண்டியதில்லை. நாள்தோறும் வருவோருக்குப் பாற்பாயசம் வழங்கிச் சிறிது சிறிதாகத் தீர்த்தால் போதும் என்றாராம். அந்தக் கடன் நின்ற தொகையிலேயே நின்றது. நாளுக்கு நாள் இரட்டிக்கவில்லை. கடன்பட்டவன் மூச்சு விடுவதற்கு இடம் வைத்த கதை அது. திருக்குர்ஆனின் மூன்றாவது அத்தியாயத்து 130ஆவது வசனம் வட்டியைத் தடுக்கும்போது, அது இரட்டித்துப் பன்மடங்காகும் தன்மையையே சுட்டிக் கூறுவதும் சிந்திக்கத்தக்கது. வெவ்வேறு மரபுகளைச் சார்ந்த மக்கள் அருகருகே வாழும் இக்கரையோரத்தில், இரு மரபுகளும் இரட்டிப்பின் கொடுமையை உணர்ந்திருந்தன என்பது நமக்கு நல்லதொரு நினைவூட்டலாகும்.

எழுபத்திரண்டு என்னும் சிறிய எண்

இத்துணைப் பெரிய எண்ணின் பாடத்தை வீட்டில் எவரும் பயன்படுத்துவதற்கு மிகச் சிறிய எண் ஒன்று போதும். அது 72. வட்டி வீதத்தால் 72ஐ வகுத்தால், கடனோ சேமிப்போ இரட்டிப்பதற்குப் பிடிக்கும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும். ஆண்டுக்கு நூற்றுக்கு 12 என்றால் ஆறு ஆண்டுகள். ஆண்டுக்கு 24 என்றால் மூன்று ஆண்டுகள். மாதத்துக்கு 6 என்றால் பன்னிரண்டு மாதங்கள். பென்சிலும் தாளும் கூட வேண்டியதில்லை.

வீதம் மிகவும் உயர்ந்தால் இவ்விதியின் துல்லியம் சற்றுக் குறையும். எச்சரிக்கைக்கு அது போதுமானதே. விலையேற்றத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக உயர்ந்தது. அந்த வேகம் அப்படியே தொடர்ந்திருக்குமாயின் பொருட்களின் விலை பதினாறு மாதங்களுக்குள் இரட்டித்திருக்கும். உறையிலிட்டு அலுமாரியில் வைத்த பணம் அதே காலத்தில் பாதிப் பெறுமதியாகச் சுருங்கியிருக்கும்.

ஆகவே கடன் பத்திரத்தில் கையொப்பம் இடுவதற்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேட்டறிதல் நன்று. வீதம் மாதத்துக்குரியதா, ஆண்டுக்குரியதா? தவணை தவறினால் வட்டி முதலோடு சேருமா? இக்கடன் எத்தனை மாதங்களில் இரட்டிக்கும்? மூன்றாவது கேள்விக்கு விடை காணும் ஆற்றல் பத்தாம் வகுப்புப் படிக்கும் நமது மகளுக்கோ மகனுக்கோ நிச்சயம் உண்டு. பாடசாலையில் அவர்கள் கற்ற பெருக்கல் விருத்திக்கும் வீட்டின் கடன் கொப்பிக்கும் தொடர்பு உண்டு என்பதை ஆசிரியர்கள் எடுத்துக்காட்டினால், அப்பாடமும் சிறக்கும், குடும்பமும் காக்கப்படும். பள்ளிவாசல்களிலும் கோவில்களிலும் நூலகங்களிலும் இயங்கும் சங்கங்கள் இதற்கென ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவது பயனுடைய பணியாகும்.

கதையில் வரும் மன்னன் கொடியவனுமல்லன், அறிவிலியுமல்லன். அவன் செய்யாமல் விட்டது ஒன்றே: வாக்குக் கொடுப்பதற்கு முன்னர் கணக்குப் பார்க்கவில்லை. இப்னு கல்லிக்கானும் முதலில் நம்பவில்லை. ஆனால் அவர் தாளில் எழுதிக் காட்டச் செய்து சரிபார்த்தார். உள்ளுணர்வு தவறும் இடத்தில் கணக்குத் தவறுவதில்லை. பலகை பாதி நிரம்பியிருக்கும்போது எல்லாம் நலமே என்று தோன்றும். அந்த வேளையில்தான் அடுத்த கட்டத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.